கடமை எவர்க்கு?

உழைப்பே உயர்வு தரும் என்று உரைக்காத மேடை உண்டோ? நேரத்தோடு வா, நேர்மையோடு வேலை செய், சோம்பித் திரியாதே, சொன்னதை முடித்துக் கொடு என்னும் அறிவுரைகள் தொழிற்சாலைச் சுவரிலே எழுதப்பட்டிருக்கின்றன. அலுவலக மேசைகளிலே அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாமே நாள்தோறும் ஓதுகிறோம். உழைப்பின் அருமையை மறுப்பவர் எவருமிலர். நாமும் மறுக்க வரவில்லை. ஆயினும் ஒரு கேள்வி உண்டு. அதை எழுப்பினால் மேடை சற்றே வாயடைத்து நிற்கிறது. உழைக்கும் கடமை எவர்க்கு? எவர்பொருட்டு? அதை எவர் எவரிடம் கேட்கலாம்?

இக் கேள்விக்கு விடை தேட நாம் ஏதன்சு நகரத்துக்கோ இலண்டன் மாநகரத்துக்கோ போக வேண்டியதில்லை. காஞ்சி போதும். பழங்காலத்துத் தறியும், இக்காலத்துப் பெருந்தொழிற்சாலையும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. பிள்ளையார்பாளையத்திலே குழித்தறி ஓசை கேட்கிறது. பெங்களூர்ச் சாலை வழியே சிறிது தொலைவு சென்றால் சுங்குவார்சத்திரம், திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை - உந்து வண்டிகளும் கைப்பேசிகளும் உருவாகும் கூடங்கள். இரண்டு இடத்திலும் உழைப்பு உண்டு. இரண்டு இடத்திலும் கடமை பற்றிய பேச்சும் உண்டு.

முதலில் தறியைக் காண்போம்.

காஞ்சிப் பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். பச்சை உடலுக்கு அரக்குக் கரை. மஞ்சள் உடலுக்கு ஊதாக் கரை. ஒரே இழையால் நெய்து பிறகு சாயம் ஏற்றியதன்று இது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரு நாடா என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. கரையும் உடலும் சந்திக்கும் இடத்திலே, ஒவ்வோர் ஊடை இழையும் மற்றதனோடு கொளுவிப் பிணைய வேண்டும். இதனைக் கோர்வை என்பர். தறியில் அமர்ந்தவர் தனித்துச் செய்ய இயலாது; பக்கத்திலே துணையாள் ஒருவர் இருந்து நாடாவை வாங்கி எறிந்து தர வேண்டும். ஒரு சேலை முடியப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். செம்மையாகப் பிணைத்த கோர்வைச் சேலை நைந்து கிழிந்தாலும் கரை மட்டும் உடலைவிட்டுப் பிரியாது என்று ஊரார் பெருமையோடு சொல்வர்.

ஆயிரமாயிரம் பிணைப்புகளிலே நூறு பிணைப்புகளைத் தளர விட்டால் யார் காண்பார்? கடையிலே விரித்துப் பார்க்கும் மங்கை நிறத்தைப் பார்ப்பாள், சரிகையைப் பார்ப்பாள், விலையைப் பார்ப்பாள். கோர்வையை இழை இழையாக எண்ணிப் பார்ப்பாளோ? தளர்ச்சி தெரிய ஆண்டுகள் பல ஆகும். அப்போது நெய்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. கோபுரம் எழுப்பிய மன்னனின் பெயரை நாடு அறியும். கல் சுமந்தவன் பெயரை யாரறிவார்? சேலையிலும் அப்படியே. விற்ற கடையின் பெயர் பையிலே பளபளக்கும். நெய்த கையின் பெயர் எங்கும் இராது.

நெசவாளி வீட்டிலே தறி இருக்கிறது. தலைமேல் நிற்கும் மேற்பார்வையாளர் இல்லை. கூலியோ சேலைக் கணக்கு. விரைந்து முடித்தால் வரவு மிகுதி. அவசரப்படுவதற்கு எல்லாக் காரணமும் உண்டு. ஆறப் பொறுத்துச் செய்வதற்கு வெளிப்படையான காரணம் ஒன்றுமில்லை. எனினும் நல்ல நெசவாளி ஒவ்வோர் இழையையும் பிணைக்கிறார். ஏன்? எங்கோ, என்றோ, முகமறியாப் பெண்ணொருத்தி இதை உடுத்தப் போகிறாள். அவள் ஏமாறக் கூடாது என்பதே காரணம். காணாத ஒருவருக்குக் காட்டும் நேர்மை - உழைப்பின் அறம் என்று நாம் கூறுவது இதைத்தான்.

இந்த அறத்தின் பெயரைப் போலிகள் பல சூட்டிக்கொண்டு திரிகின்றன. கேள்வி கேளாமல் கீழ்ப்படிவதை நல்லுழைப்பு என்கின்றனர் சிலர். நெடுநேரம் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பதை நல்லுழைப்பு என்கின்றனர் வேறு சிலர். மேலதிகாரி வரும்போது முதுகை வளைப்பதையும் அப் பெயரால் அழைப்போர் உளர். கோர்வையிலே இவற்றுக்கு இடமேது? இழை தளர்ந்திருந்தால், நெசவாளி பன்னிரண்டு மணி நேரம் தறியில் இருந்தார் என்பதாலோ, முதலாளியைக் கண்டதும் எழுந்து நின்றார் என்பதாலோ அது இறுகிவிடாது. பொருள் பயன்படுவோருக்குப் பழுதின்றிச் சேர்ந்ததா என்பதே உரைகல்.

அந்த உரைகல்லைத் தறிக்காரரிடம் மட்டுமா வைத்துப் பார்ப்பது? சரிகையைக் கேட்போம். பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதன்மேல் பொன் பூசுவது மெய்யான சரிகை. அதன் இடத்திலே செம்புக் கம்பிக்கு மினுக்கேற்றிய போலியை வைத்து, மெய்ச் சரிகையின் விலைக்கு விற்பவன் யார்? விசைத்தறியில் ஓடிய துணியைக் கைத்தறி என்று சொல்லி மணவீட்டாரின் சேமிப்பைக் கறப்பவன் யார்? குறிப்பிட்ட துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கி 1985ஆம் ஆண்டில் நடுவண் சட்டம் வந்தது. தூய பட்டுக்கு முத்திரை வழங்கும் ஏற்பாடு 2004இல் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. காஞ்சியிலே அரசே சரிகை ஆலை ஒன்றையும் நடத்துகிறது. இத்தனை வேலிகள் எதற்கு? தறியிலே பிறந்த நேர்மையை வழியிலே திருடி விற்போர் இருப்பதால்தானே! கண் மங்கும்வரை இழை எண்ணியவனுக்கு உழைப்பின் மேன்மை பற்றிப் பாடம் உண்டு. அந்த உழைப்பின் பெயரால் போலியை விற்றவனுக்கோ, ஊர் விழாவிலே மாலை உண்டு.

இங்கே நம்மைத் தடுத்து, "அப்படியானால் தொழிலாளி திருடலாமா?" என்று கேட்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். கேட்கத்தக்க கேள்வியே. 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த திரைப்படம் என்னும் தேசிய விருதைப் பெற்ற 'காஞ்சிவரம்' இக் கேள்வியைத்தான் கதையாக்கிற்று. பிரகாஷ்ராஜ் நடித்த வேங்கடம் என்னும் நெசவாளி, தன் மகளுக்குப் பட்டுச் சேலை கட்டி மணமுடிப்பேன் என்று உறுதி கூறுகிறான். ஊரார் மணத்துக்கெல்லாம் பட்டு நெய்தவனுக்குத் தன் மகளுக்கு ஒரு சேலை வாங்க வழியில்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து பட்டிழையைச் சிறிது சிறிதாக வாயில் ஒளித்துக் கொண்டு வருகிறான்.

அவன் செய்தது திருட்டே. வறுமை அதற்குக் காரணமாகலாம், வேறு பெயராகாது. இரக்கத்தால் தீர்ப்பை மாற்றி எழுதினால், நாளை இரக்கம் என்னும் பெயரால் எதையும் நியாயப்படுத்தலாம். ஆனால், வாயில் ஒளித்த இழையைத் திருட்டு என்று தீர்ப்பளிக்கும் அதே நாவு, வாழ்நாள் முழுதும் பட்டு நெய்தவன் ஒரு பட்டு வாங்க இயலாதபடி கூலி வைத்த கணக்குக்கும் பெயர் சொல்ல வேண்டும். முன்னதைக் கண்டதும் காவலரை அழைத்து, பின்னதைச் சந்தை நிலவரம் என்று விட்டுவிடும் நீதி ஒற்றைக் கண் நீதி. நாம் கேட்பது இரண்டு கண்களையும் திறக்கும் நீதி.

கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்று நெடுங்காலமாக இந்நாட்டிலே ஓதப்பட்டு வந்திருக்கிறது. ஓதியவர் எவர், கேட்டவர் எவர் என்று பார்த்தால் உண்மை விளங்கும். பலனைப் பெற்றுக்கொண்டிருந்தவர் ஓதினார். கடமையைச் செய்துகொண்டிருந்தவர் கேட்டார். நெய்த சேலைக்கு நியாயமான கூலியை எதிர்பார்ப்பது பேராசையா? நெய்பவர் வயிற்றுக்கு உணவு வேண்டாமா? மழைக்காலத்திலே குழித்தறிக்குள் நீர் ஊறும். ஈரக்காற்றிலே பாவு தளரும். தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்க முடியாது. அந்நாட்களில் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். பசி மட்டும் நில்லாது. பலனை எதிர்பாராதே என்று அவரிடம் போய்ச் சொல்லும் துணிவு எவருக்கு உண்டு?

அதற்கும் மேலே இன்னொரு பூட்டு இருந்தது. இன்ன தொழில் இன்ன குலத்துக்கு என்னும் பூட்டு. பிறப்பே வேலையை முடிவு செய்யும் இடத்தில் உழைப்பின் அறம் பிறக்குமோ? தானே தெரிந்தெடுத்த வேலையைத்தான் ஒருவன் தன் வேலை என்று நேசிக்க இயலும். தந்தையின் தொழிலைப் பிள்ளை விரும்பி ஏற்றால் மகிழ்ச்சியே; தப்ப வழியில்லாமல் ஏற்றால் அது சிறை. 1953ஆம் ஆண்டு, இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராயிருந்தபோது, தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. உழைப்பின் பெருமையைக் கற்பிக்கும் திட்டம் என்றே அதற்கு விளக்கம் கூறப்பட்டது. தமிழகம் அதைக் குலக் கல்வி என்று அழைத்து எதிர்த்தது; 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் உழைப்பை வெறுத்தவர்களா? இல்லை. வழக்கறிஞரின் மகன் மாலையிலே சட்டப் புத்தகத்தைப் புரட்டுவான், முடிதிருத்துவோரின் மகன் கத்தியைத் தீட்டுவான் என்றால், அங்கே கற்பிக்கப்படுவது உழைப்பின் பெருமையன்று, உயர்வு தாழ்வின் நிலைபேறு என்பதைக் கண்டவர்கள் அவர்கள்.

அந்தத் திட்டம் மாண்டது. அதன் நிழல் மாளவில்லை. கோர்வைக்குத் துணையாள் வேண்டும் என்றோமே, அந்தத் துணையாள் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தான், இருந்தாள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்த கொடுமையை, அனைத்துலக மனித உரிமை அமைப்பொன்று 2003இல் வெளியிட்ட பட்டுத்தொழில் பற்றிய அறிக்கை, காஞ்சியையும் சேர்த்தே உலகுக்குச் சொல்லிற்று. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்தது. கண்காணிப்பாலும் கல்வியாலும் நிலை மாறியது, மறுக்கவில்லை. எனினும் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று ஒரு கையால் எழுதி, பள்ளி விட்ட பின்பும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்குத் துணை செய்யலாம் என்று மறு கையால் விலக்கும் அளித்திருக்கிறது.

வகுப்பறையில் நிற்கும் நமக்கு அந்த மறு கையின் பொருள் தெரியும். முதல் வரிசையிலே உட்கார்ந்து கண்ணயரும் பிள்ளையைச் சோம்பேறி என்று அழைப்பது எளிது. நேற்று மாலை அந்தக் கை என்ன செய்தது என்று கேட்பதே ஆசிரியரின் வேலை. இராபர்ட் ஓவன் என்னும் ஆலை முதலாளி, நூற்றாண்டுகள் இரண்டுக்கு முன்னரே, தம் நியூ லானார்க்கு ஆலையிலே பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு எடுக்க மறுத்தார். 1816இல் அவர்களுக்குப் பள்ளி திறந்தார். ஆலை அதனால் அழியவில்லை, வருவாய் ஈட்டிற்று. பிஞ்சுக் கையின்றிப் பிழைக்காது தொழில் என்பது முதலாளியின் வழக்கமான புலம்பல். வரலாறு அதை ஏற்கவில்லை.

இனித் தறியை விட்டுத் தொழிற்சாலைக்கு வருவோம். இங்கே நெசவாளியைப் போல் ஒருவர் ஒரு பொருளை முழுதாகச் செய்வதில்லை. நகரும் வரிசையிலே ஒருவர் திருகாணி முடுக்குகிறார், மற்றொருவர் மூடி பொருத்துகிறார், மூன்றாமவர் சரிபார்க்கிறார். இங்கும் கோர்வை உண்டு. ஒவ்வொருவர் கையும் அடுத்தவர் கையோடு பிணைகிறது. ஒரு திருகாணி தளர்ந்தால் எங்கோ ஒரு குடும்பம் சாலையிலே விபத்துக்குள்ளாகலாம். ஆகவே, ஆலைத் தொழிலாளிக்கு உழைப்பின் அறம் வேண்டும் என்பதிலே ஐயமில்லை. ஐயம் எல்லாம், அந்த அறத்தை அளக்கும் படியைப் பற்றியது.

படி மணிக்கணக்காகிவிட்டது. 2023 அக்டோபரில் இன்போசிசு நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, நாட்டு இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 சனவரியில் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத் தலைவர் சுப்பிரமணியன் பேசிய பேச்சு வெளியாயிற்று. அவர் 90 மணி நேரத்தை விரும்பினார். ஏழு நாளும் ஓயாமல் உழைத்தாலும், நாளொன்றுக்கு ஏறத்தாழப் பதின்மூன்று மணி! உறக்கத்தையும் உணவையும் போக்குவரத்தையும் கழித்தால் எஞ்சுவது என்ன? பிள்ளையின் முகத்தைப் பார்க்க நேரமில்லாத தந்தை, படிக்க நேரமில்லாத இளைஞன், ஊர்க் கூட்டத்துக்கு வர நேரமில்லாத குடிமகன்.

எட்டு மணி நேர வேலை எவரும் இரங்கித் தந்த கொடையன்று. 1918இல் சென்னையிலே திரு.வி.க.வும் வாடியாவும் துணைநின்று எழுப்பிய சென்னைத் தொழிலாளர் சங்கமும், 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் ஏற்றிய கொடியும் அந்த வரலாற்றின் பகுதிகள். உலகத் தொழிலாளர் அமைப்பு 1919இல் தன் முதல் உடன்படிக்கையிலேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதிற்று. அறிஞர் பெர்ட்ரண்டு ரசல், 1932இல் சோம்பலைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையிலே, எந்திரம் பெருகிய உலகில் நாளுக்கு நான்கு மணி உழைப்பே போதும் என்று வாதிட்டார். ரசல் சோம்பேறியா? நூல்களைக் குன்றாகக் குவித்தவர். ஓய்வு பெற்ற மூளையே நல்ல வேலை செய்யும் என்பதைத் தம் வாழ்விலே கண்டவர். அவர் காலத்து எந்திரத்தைக் காட்டிலும் நம் காலத்து எந்திரம் பன்மடங்கு திறனுடையது. எந்திரம் மிச்சம் பிடித்த நேரம் எங்கே போயிற்று? அதைக் கேட்காமல், இன்னும் உழை என்பது எவ்வகை அறம்?

நம் சட்டமன்றத்திலும் இது ஒலித்தது. 2023 ஏப்பிரல் 21ஆம் நாள் நிறைவேறிய தொழிற்சாலைத் திருத்தச் சட்ட முன்வடிவு, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறப்பதாயிருந்தது. வார அளவு 48 மணியைத் தாண்டாது என்று விளக்கம் தரப்பட்டது. தொழிற்சங்கங்கள் ஏற்கவில்லை, தோழமைக் கட்டிகளும் எதிர்த்தன. மே நாளன்று முன்வடிவு திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. தவறென்று சுட்டியவர்களைப் பகைவரென்று எண்ணாமல், கேட்டுத் திருத்திக்கொண்ட ஆட்சியைப் பாராட்டுவோம். ஆனால் பாடத்தை மறவோம்: விழித்திருந்ததால்தான் திருத்தம் கிடைத்தது.

வேலை வாங்குவோர்க்கும் உழைப்பின் அறம் உண்டு. இதையே நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம். 2021 திசம்பரில், திருப்பெரும்புதூர்ப் பகுதியிலே கைப்பேசி பொருத்தும் பாக்சுகான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவு நஞ்சாகி நோயுற்றனர். நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழியர் இரவிலே நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அதன் பின்னரே நாடு திரும்பிப் பார்த்தது. விடுதியும் உணவுக்கூடமும் தகுந்த தரத்தில் இல்லை என்பதை, அந்த ஆலையில் பொருள் செய்விக்கும் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. நூலிழை பிசகாமல் கைப்பேசி பொருத்த வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, சோற்றுப் பானையைச் சோதிக்கும் கடமை இல்லையா? கைப்பேசியில் ஒரு கீறல் விழுந்தால் ஒதுக்கித் தள்ளும் கண், பெண்கள் படுத்துறங்கும் அறையைப் பார்க்கத் தவறினால், அந்த நிறுவாகத்துக்குத்தான் உழைப்பின் அறம் பற்றிய வகுப்பு தேவை.

பட்டுக்கடைக்குள்ளே நுழைவோம். வாங்க வருவோர் மெத்தையில் அமர்வர். எடுத்துக் காட்டும் பெண் காலை முதல் இரவு வரை நிற்பாள். உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்பது வணிகர் வகுத்த ஒழுங்கு. 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்க்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. ஒரு நாற்காலிக்கு ஒரு சட்டம்! எண்ணிப் பார்த்தால் வெட்கம் வருகிறது. கால் வீங்க நின்றால்தான் கடமை என்று எவர் கற்பித்தார்? உட்கார்ந்தபடி எடுத்துக் காட்டினால் பட்டின் சாயம் போய்விடுமோ?

அடுத்து வேலைநிறுத்தம். 2024 செப்டம்பர் 9ஆம் நாள் சுங்குவார்சத்திரத்திற்கு அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். 37 நாள் கழித்தே திரும்பினர். ஊதியமும் வேலை நேரமும் கோரிக்கைகளாயினும், சங்கம் வைக்கும் உரிமையே நடுநாயகமாக நின்றது. சங்கம் 2025 சனவரியில் பதிவாயிற்று. வேலையை நிறுத்துவது கடமை தவறுவதாகாதோ என்று கேட்பர். நாம் இப்படிப் பிரிப்போம். பதுங்கி நின்று பழுதான பொருளைச் செய்து அனுப்புவது, வாங்கும் அப்பாவியைத் தண்டிப்பது, அது அறமாகாது. வெளிப்படையாக, காரணம் கூறி, தன் கூலியையும் இழந்து கையைக் கட்டி நிற்பது, பேச வேறு வழியற்றவர் பேசும் நேர்மையான பேச்சு. தறியிலே இழையைத் தளரவிடுவது வேறு, தறியையே நிறுத்துவது வேறு. முன்னது வஞ்சகம், பின்னது உரிமை.

"அப்படியாயின், முதலாளி திருந்தும்வரை தொழிலாளி எப்படி வேண்டுமானாலும் வேலை செய்யலாமோ?" என்னும் கேள்வி எஞ்சுகிறது. கூடாது. ஏனெனில், நல்ல வேலை என்பது முதலாளிக்குக் கட்டும் கப்பமன்று. அது பயன்படுவோருக்குச் சேரும் கடன். கூலிக்காகச் சண்டையிடலாம், சண்டையிடவும் வேண்டும். செய்கின்ற வேலையைச் செம்மையாகவே செய்ய வேண்டும். கோர்வை தளர்ந்தால் கடைக்காரன் அழப்போவதில்லை. அவன் விலையை வாங்கிப் பெட்டியைப் பூட்டிவிட்டான். அழப்போவது இன்னொரு பாட்டாளி வீட்டுப் பெண்ணாகவே இருக்கக்கூடும்.

இறுதியாக, நம் பக்கம் திரும்புவோம். மாதம் பிறந்தால் ஊதியம் தப்பாமல் பெறும் நாம் - ஆசிரியர்கள், எழுத்தர்கள், அலுவலர்கள் - சேலைக் கணக்கில் கூலி வாங்குவோர் அல்லோம். பாடம் தளர்ந்தால் அன்றே தெரியாது. கோப்பு உறங்கினால் கேட்பவர் குறைவு. பசியின் அச்சம் இல்லாத இடத்திலேதான் உழைப்பின் அறம் மெய்யாகவே சோதிக்கப்படுகிறது. முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்த நெசவாளியை நான்கு முறை அலையவிட்ட அலுவலர், நான்கு நாள் கூலியை அவரிடமிருந்து பறித்தவரே. தயாரிக்காமல் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர், தறியை விட்டு வந்த பிள்ளையைத் தறிக்கே திருப்பி அனுப்புபவரே. பாதுகாப்பான வேலை என்பது உழைக்காமலிருக்கக் கிடைத்த உரிமம் அன்று. அஞ்சாமல் நன்கு உழைக்கக் கிடைத்த வாய்ப்பு.

வள்ளுவர் இதை எப்படி வைத்தார் என்று காண்பது நன்று. மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் இரு அதிகாரங்களும் - அதாவது சோம்பலை விலக்கலும் முயற்சியை மேற்கொள்ளலும் - குறளிலே எங்கே இருக்கின்றன? பொருட்பாலில், அரசியல் என்னும் பகுதியில். ஆள்வோனை நோக்கிக் கூறியவை அவை. ஏர் பிடிப்பவனிடம் சோம்பாதே என்று அவர் தொடங்கவில்லை. அரியணையில் இருப்பவனிடம் தொடங்கினார். நாமோ வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். கீழே நிற்பவனுக்கு உழைப்பின் அறம். மேலே இருப்பவனுக்கு உழைப்பின் பலன்!

காஞ்சியில் 1909ஆம் ஆண்டு நெசவாளர் மரபிலே பிறந்த அண்ணா, தம்பியர்க்கு மூன்று சொற்களைத் தந்தார்: கடமை, கண்ணியம், கட்டுப்பாடு. முதற்சொல்லை மட்டும் பிய்த்தெடுத்துத் தொழிலாளியின் கையிலே கொடுப்போர் பலர். கடமைக்கு அடுத்து நிற்பது கண்ணியம். கண்ணியமாக நடத்தப்படாதவனிடம் கடமையை மட்டும் கேட்டால் அது அடிமைத்தனம். கண்ணியத்தை மட்டும் கேட்டு, கடமையை மறந்தால் அது வெறும் பகட்டு. இரண்டும் கோர்வையைப் போலப் பிணைய வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் ஆயினும் சேலை ஒன்றே.

ஆகவே, உழைப்பே உயர்வு என்று இனி எந்த மேடையில் எவர் பேசினாலும், பணிவோடு அவரைக் கேட்போம்: ஐயா, தங்கள் தொழிலகத்தில் கூலி உரிய நாளில் சேர்கிறதா? நிற்பவர்க்கு நாற்காலி உண்டா? உண்பவர்க்கு நல்ல உணவு உண்டா? பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்களா? சங்கம் வைத்தால் பகைக்காமல் பேசுவீரா? 'ஆம்' என்று அவர் கூறினால், அவருடைய அறிவுரையைக் கைகட்டிக் கேட்போம், கேட்டபடி நடப்போம். 'இல்லை' என்றால், முதற்பாடத்தை அவரிடமிருந்தே தொடங்குவோம். அதே வேளையில், நாளைக் காலை மணி அடிக்கும்போது, நம் கையிலுள்ள இழையை நாம் இறுகப் பிணைப்போம். கேட்கும் உரிமை, செய்யும் கைக்கே உண்டு.